மொட்டை மாடியில் ஒருவழியாகக் கறுப்பு வந்துவிட்டது

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு 'மெய்யழகன்' படத்தின் இருட்டு, மாடியில் ப்ரொஜெக்டருக்காகக் கட்டிய என் துணித் திரையில் இருட்டாகவே விழுந்தது. இரண்டரை மாதமாக அது சாம்பலாகத்தான் இருந்தது. கார்த்தியின் தலைமுடி எங்கே முடிகிறது, பின்னால் இரவு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

ப்ரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது, வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. அதனால் முதலில் தெருவிளக்கைச் சந்தேகப்பட்டேன். திருவான்மியூரில் எங்கள் தெருவிளக்கு நேராக மாடிக்கே அடிக்கும். கைப்பிடிச் சுவர் நெடுக தார்ப்பாய் கட்டினேன். கடற்காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டதுதான் மிச்சம். அடுத்து பாரிமுனை கோடவுன் தெருவுக்குப் போய் சாம்பல் நிறத்தில் கெட்டித் துணி வாங்கிவந்தேன். கறுப்பு கொஞ்சம் இறங்கியது, ஆனால் வெள்ளையும் சேர்ந்து இறங்கியது. வெள்ளை வேட்டியெல்லாம் பழுப்பு வேட்டி.

அப்புறம் பிரைட்னஸைக் குறைத்தேன். அது பெரிய தப்பு. 'நாயகன்' படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. 1987-இல் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் முகத்தில் பாதியை வேண்டுமென்றே இருட்டில் விட்டிருப்பார். என் மாடியில் மீதிப் பாதியும் காணாமல் போனது. அந்த முகங்களில் கண்ணோரம் ஒரு கீற்று வெளிச்சம் நிற்குமே, அதுதான் நடிப்பையே தாங்குகிறது. அது போய்விட்டால் வசனம் மட்டும் தனியாகக் கேட்கிறது.

கடைசியில் கோளாறு துணியிலும் இல்லை, விளக்கிலும் இல்லை. வெளிச்சத்தை எண்ணாகக் குறிக்கும்போது டிவி, சினிமா வீடியோவில் கறுப்பு 16-இல் தொடங்கி வெள்ளை 235-இல் முடியும். கம்ப்யூட்டர் கணக்கில் 0 முதல் 255 வரை. படம் ஓடவிட டிவியில் செருகுகிற ஸ்டிக்கை ப்ரொஜெக்டரில் செருகியிருந்தேன். அது முதல் கணக்கில் அனுப்ப, ப்ரொஜெக்டர் அதை இரண்டாவது கணக்கில் படித்திருக்கிறது. 16 என்று வந்த கறுப்பை அது அடர் சாம்பலாகத்தானே காட்டும்? மெனுவில் மூன்று படி உள்ளே போனால் எந்தக் கணக்கில் படிப்பது என்று சொல்கிற எச்.டி.எம்.ஐ. ரேஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டோவில் கிடந்ததை லிமிடெட், அதாவது 16-235 கணக்கு, என்று மாற்றினேன், அவ்வளவுதான். மாற்றிய கையோடு பிரைட்னஸைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் நிழலெல்லாம் அடைத்துக்கொள்ளும். சாம்பல் துணியைக் கழற்றிவிட்டுப் பழைய வெள்ளைத் துணியையே கட்டிவிட்டேன்.

சரியான இருட்டில் பார்த்தபோது 'மெய்யழகன்' மேல் பிரியம் இன்னும் கூடிவிட்டது. தியேட்டருக்கு வந்த சில நாளில் 18 நிமிடம் வெட்டினார்கள். எனக்கு அதில் இப்போதும் உடன்பாடு இல்லை. அந்தப் படம் நடப்பதே பேச்சில்தான். விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு வீட்டையே தூக்கி நிறுத்திய கதையை கார்த்தி சொல்லும்போது அரவிந்த்சாமி பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கேட்கும் முகத்துக்காகவே படம் மெதுவாகப் போகலாம். 2024-இல் வந்தவற்றில் என் முதல் படம் இதுதான்.

அதற்கு அடுத்து 'கொட்டுக்காளி'. பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோ சத்தம், கட்டிப்போட்ட சேவல், சூரியின் தொண்டை கட்டிய குரல், இவைதான் இசை. இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் காட்டிய துணிச்சல் பெரியது. ஆனால் ப்ரொஜெக்டரிலேயே இருக்கிற ஸ்பீக்கரில் அதைப் போட மனசு வரவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே போகிறவர்கள் சொந்தப் பாட்டை போனில் கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். கடைக்காரர் போடுகிற பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும்.

திரையைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் கரை தைக்கிற வேலை இன்னும் பாக்கி. நாலு விரல் அகலம் போதும், ஓரத்தில் வழிகிற வெளிச்சத்தை அது குடித்துவிடும். அதை முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமைக்கு அக்கா பிள்ளைகள் 'லப்பர் பந்து' கேட்டிருக்கிறார்கள். கிரிக்கெட்டுக்காகக் கேட்கிறார்கள். எனக்கு அதில் தினேஷும் சுவாசிகாவும் பேசாமல் முறுக்கிக்கொண்டு திரிகிற வீட்டுக் காட்சிகள்தான் பிடிக்கும். பிள்ளைகள் தூங்கினதும் 'கைதி' போடுவேன். முழுக்க ஒரே ராத்திரியில் நடக்கிற படம். அந்த லாரியின் முகப்பு வெளிச்சத்தை இந்தத் துணியில் இன்னும் நான் பார்க்கவில்லை.