தட்டிப் பார்க்காமல் கிளம்பாதவர்

நேற்று சங்ககிரி போயிருந்தேன். மாமா லோடு ஏற்றிக் கிளம்பும் நேரம். முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறார். இன்றைக்கும் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்காமல் வண்டியில் ஏற மாட்டார். காற்று சரியாக இருந்தால் 'ணங்' என்று கேட்கும். இரட்டை டயரில் உள்பக்கத்து டயர் இறங்கியிருந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். நேற்று ஒன்று 'தொப்'பென்றது. அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போனது. "லேட்டானா திட்டுவாங்க, அவ்வளவுதானே மாப்ள" என்றார்.

தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. எஞ்சின் பிடி போய், மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். டிரம் சூடேறிவிட்டால் மிதித்தாலும் பிடிக்காது. மாமா சின்ன கியரில்தான் இறங்குவார். ஆனால் மிச்சமாகும் டீசலைப் பார்த்துத்தான் கூடுதல் காசு என்றால், டிரைவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு என்று அதில் இருந்தது. இதைச் சொன்னதும், "எட்டு மணி நேரமா?" என்று திருப்பிக் கேட்டார் மாமா.

ராத்திரி இரண்டு மணிக்கு அத்தைக்குப் போன். கண் சொருகுதாம், கிருஷ்ணகிரி தாண்டி வண்டியை ஓரங்கட்டிப் படுத்துவிட்டாராம். அத்தை அதற்கப்புறம்தான் தூங்கினார்.