கங்காணிக் கோட் என் அலமாரிக்கு வந்த கதை

ஒரு பழைய படத்தில் கங்காணியாக, அதாவது தோட்டத் தொழிலாளரை மேற்பார்க்கிறவராக, நடித்தவர் போட்டிருந்த கோட் என்று சொல்லித்தான் அதைக் காட்டினார்கள். அந்தப் படத்தில் உடுப்பு வேலை பார்த்தவரின் குடும்பம் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருக்கிறது. படப் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். என் தாத்தாவும் கங்காணி. கோட்டைப் பார்த்ததுமே ஆசை வந்துவிட்டது. ஆனாலும் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

படத்தில் வருவது இதே கோட்தானா என்று அந்த வாரம் முழுக்கப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பொத்தானை வைத்து முடிவெடுக்கக் கூடாது, அதை யாரும் மாற்றித் தைக்கலாம். ஒரே மாதிரி இரண்டு மூன்று உடுப்பு தைத்து வைப்பதும் சினிமாவில் வழக்கம். நான் பார்த்தது துணியின் கட்டத்தை. வெட்டும்போது கட்டம் எங்கே விழுகிறது என்பது உடுப்புக்கு உடுப்பு மாறும். இந்தக் கோட்டில் இடது பையின் தடித்த கோடு, உடம்புத் துணியின் கோட்டுக்கு அரை விரல் கீழே நிற்கிறது. தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களக் காட்சியிலும் அதே அரை விரல் இறக்கம்! கை நடுங்கிவிட்டது.

கொலரின் உட்புறம் மேக்கப் கறை இருந்தது. சலவைக்காரர், "ஒரே நாளில எடுத்துத் தாறேன்" என்றார். கொடுக்கவில்லை. நடிகரின் கழுத்தில் கிடந்த உடுப்பு என்பதற்கு அந்தக் கறைதானே சாட்சி.

அப்புறம்தான் தவறு செய்தேன். கண்ணாடி அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைத்துவிட்டேன். ஆடி மழையில் சுவர் வேர்த்து, மூன்றே வாரத்தில் கொலரில் சாம்பல் நிறப் பூஞ்சணம். அழுகையே வந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, முற்றத்து நிழலில் காயவைத்து, மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்தேன். தண்ணீர் படவிடவில்லை.

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். இப்போது அலமாரி உட்சுவர் பக்கம். உள்ளே ஈரமானியும் சிலிக்கா ஜெல்லும். நீல மணிகள் ரோஸ் நிறமானால் சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்ப வைக்கிறேன். முள் 55ஐ ஒட்டி நிற்கிறது. பழைய துணிக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள். நான் ஆள் வந்தால் மட்டும் விளக்குப் போடுகிறேன். கம்பி ஹேங்கர் தோளைக் குத்தும் என்பதால், பஞ்சு வைத்து, துவைத்த பழைய வேட்டித் துணியால் சுற்றியிருக்கிறேன்.

கோட்டோடு வந்த தலைப்பாகையை இன்னும் வெளியே வைக்கவில்லை. மடிப்புகளில் நூல் விட்டுப்போகிறது. உருளையில் சுற்றி, மல் துணி போர்த்திப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.