யார் வீட்டுக் குதிரை?

கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்தில் வைக்கப்போகும் தகவல் பலகைக்கு வாசகம் எழுதும் வேலை என்னிடம் வந்திருந்தது. வெளிமான், புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, குரங்கு, முயல் என்று வரிசை போட்டு, எங்களோடு வேலை பார்த்த உள்ளூர்ப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன்.

“குதிரைய விட்டுட்டியே, தம்பி.”

“அது காட்டு விலங்கு இல்லைங்க ஐயா.”

“அப்ப வீட்டு விலங்கா? யார் வீட்டுது?”

என்றோ மனிதர்கள் விட்டுப்போனவை காட்டில் பெருகிவிட்டன என்றேன். வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் அவை இல்லை என்றும் சொன்னேன். அவர் வாதாடவில்லை. “எங்கப்பா காலத்துலயும் இங்கதான் மேஞ்சுச்சு” என்றார், அவ்வளவுதான். பலகையில் குதிரை இல்லை.

என் நியாயம் வலுவானது என்றே இப்போதும் நினைக்கிறேன். 1967-இல் இந்தச் சரணாலயம் அமைந்ததே வெளிமானுக்காகத்தான். நாட்டின் சமவெளிகளில் மந்தை மந்தையாகத் திரிந்த மான் அது. தமிழ்நாட்டில் இன்று இங்கே, வல்லநாட்டில், கிண்டியில், மோயாற்றுப் பக்கம் என்று சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து ஓடிப் பிழைக்கிற உயிருக்குத் திறந்த புல்வெளி வேண்டும். அந்தப் புல்லைத்தான் குதிரையும் மேய்கிறது. மிச்சத்தைச் சீமைக்கருவேலம் மூடுகிறது. குதிரை அதன் நெற்றைத் தின்று லத்தியில் விதையைப் பரப்புகிறது.

ஆனால் வெளிமானும் அதே நெற்றைத் தின்கிறது. அதன் புழுக்கையிலும் விதை இருக்கிறது. சீமைக்கருவேலத்தை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது மானும் இல்லை, குதிரையும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இரண்டும்தான் செத்தன. குதிரையைக் கட்டிப்போட ஆளில்லை, அதற்குத் தீனி வைக்க ஆளில்லை, அது காட்டிலேயே குட்டி போட்டுக் காட்டிலேயே சாகிறது. யார் வீட்டுது என்ற கேள்விக்கு நான் சொன்ன எதுவும் பதிலே இல்லை.

சரி, சேர்த்திருந்தால்? குதிரைகளைக் குறைக்கவோ இடம் மாற்றவோ ஒருநாள் முடிவெடுத்தால், பலகையே அதற்கு எதிராக நிற்கும். அதை நினைத்தால் விட்டதுதான் சரி. அப்புறம், பலகையைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர் கண்ணில் குதிரை படும். மற்ற வரிகளை அவர் எப்படி நம்புவார்?

‘இங்கு திரியும் குதிரைகள்’ என்று தனி வரி சேர்க்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். சேர்த்தால், அவை மானின் புல்லைத் தின்கின்றன என்பதையும் அங்கேயே எழுதியாக வேண்டும். அதைப் பெரியவர் ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.