பேன் மருந்து போட்டும் பேன் ஓடுகிறதா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு எங்கள் அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் வருஷா வருஷம் வருகிற புலம்பல் இந்த முறையும் வந்துவிட்டது. "ரெண்டு பாட்டில் காலி, பேன் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு, மெடிக்கல்ல விக்கிறதெல்லாம் டூப்ளிகேட்." டூப்ளிகேட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று கிடையாது. அசல் மருந்துக்கே அசையாத பேன்கள் உலகத்தில் ஏராளம்.

மருந்துக்கடையில் பேனுக்கு என்று கேட்டால் அநேகமாகக் கைக்கு வருவது 1% பெர்மெத்ரின். செவ்வந்திக் குடும்பத்துப் பூ ஒன்றில் இயற்கையாகவே இருக்கும் பூச்சிக்கொல்லியைப் பார்த்து ஆய்வகத்தில் செய்தது. பேனின் நரம்பில் சோடியம் போய் வர ஒரு வாசல் உண்டு; மருந்து அதை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், பேன் வெட்டி வெட்டி இழுத்துச் செயலிழந்து சாகும். சில பேன்களுக்கு மரபணு மாறி அந்த வாசலின் அமைப்பே கொஞ்சம் வேறாகிவிட்டது, மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 48 மாநிலங்களில் 138 இடங்களிலிருந்து பேன் பிடித்துச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த மரபணுவின் பிரதிகளில் சராசரியாக 98 சதவீதம் மாறிப்போனவை என்று வந்தது. இஸ்ரேலிலும் பிரான்சிலும் 1990-களிலேயே இந்தத் தொல்லை தெரிந்துவிட்டது.

இதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் டைபஸ் காய்ச்சலைப் பரப்பிய, தலைப்பேனுக்கு நெருங்கிய சொந்தமான உடல்பேனைக் கொல்ல டிடிடி என்ற பூச்சிக்கொல்லிப் பொடியை ஆட்கள் மேலேயே தூவினார்கள். 1951-லேயே கொரியாவில் டிடிடிக்குச் சாகாத உடல்பேனைப் பார்த்துவிட்டார்கள். டிடிடி பிடிப்பதும் அதே சோடியம் வாசலைத்தான், ஆக ஒன்றுக்குத் தப்பிக்கக் கற்ற பேனுக்கு இன்னொன்று பாதி படித்த பாடம். அப்புறம் "இன்னும் கொஞ்சம் தூக்கலா போடுவோம், ராத்திரி முழுக்க ஊறட்டும்" என்பதில் என்ன பிரயோஜனம்? குழந்தையின் தலைத்தோல்தான் எரியும்.

அதற்காக, சாகாத பேனெல்லாம் மருந்தை மீறிய பேன் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மருந்து போட்டு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். செத்த பேன் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் எல்லாம் முன்பு போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்த மருந்து எடுபடவில்லை, வேறு மருந்துக்குப் போங்கள். நாலைந்து மட்டும் தள்ளாடினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், சீப்பை எடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பொடிப் பேனாகத் தெரிந்தால் அது ஈறு பொரித்தது. பெர்மெத்ரின் ஈறை முழுசாகக் கொல்லாது, அதனால்தான் ஒன்பதாம் நாள் வாக்கில் இரண்டாம் தடவை போடச் சொல்கிறார்கள், நம்மில் பாதிப் பேர் அதை மறந்துவிட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டுகிறோம். கண்டிஷனர் போட்ட தலையில் இந்த மருந்து சரியாக ஒட்டுவதில்லை, அதையும் கவனியுங்கள். தலைத்தோலை ஒட்டி, பழுப்பாக, நகத்தில் வைத்துக் குத்தினால் 'டிக்' என்று சத்தம் வருகிற ஈறுதான் உயிரோடு இருப்பது. தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வெள்ளையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் வெறும் கூடு, முடி வளர வளர நகர்ந்து வந்தது.

மாற்று என்ன என்றால், டைமெதிகோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் எனக்குப் பிடித்தது. நரம்பு கிரம்பு என்று போகாமல் பேனை அப்படியே மூடி முடித்துவிடும் என்பதால் பேன் இதற்குப் பழகித் தப்பிப்பது சிரமம். ஐவர்மெக்டின் என்ற இன்னொரு மருந்தும் நன்றாகக் கேட்கும், ஆனால் செனகல் நாட்டுக் கிராமம் ஒன்றில் அதற்கும் அசையாத பேன்கள் வந்தாயிற்று. மாத்திரையாக என்றால் டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். நாட்டு வைத்தியத்தில் வேப்பெண்ணெய் தடவுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சீதாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தத் தூள் கண்ணில் பட்டு கருவிழி வெந்துபோய் வந்தவர்களைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் பற்றிப் பேசவே வேண்டாம்.

சீப்புக்கு வருவோம். தலையை நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி (இங்கே மருந்து கிடையாது, அதனால் பரவாயில்லை), நெருக்கமான பல் வைத்த பேன்சீப்பால் அடிமுடியிலிருந்து நுனிவரை வகிடு வகிடாக இழுக்க வேண்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும். மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். 2005-ல் பிரிட்டனில் இதையும் கடை மருந்தையும் வைத்துப் பார்த்தபோது சீவியவர்களில் 57 சதவீதம் பேருக்குப் பேன் போனது, மருந்து போட்டவர்களில் 13 சதவீதம்தான். நூற்றுக்கு நூறு இல்லை, அதோடு நீள முடிக்காரப் பிள்ளை என்றால் உங்கள் முதுகு ஒடிந்துவிடும். ஆனாலும் எந்த மரபணு மாறினாலும் சீப்புக்கு முன்னால் எடுபடாது.

மெத்தை, தலையணை, சோபா என்று வீட்டையே வெந்நீரில் முக்க வேண்டியதில்லை, தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரண்டு நாளுக்கு மேல் தாங்காது. பேனுக்குக் குதிக்கவும் தெரியாது, பறக்கவும் தெரியாது, தலையும் தலையும் ஒட்டினால் ஏறிக்கொள்ளும். அதனால் வீட்டில் ஒட்டிப் படுக்கிற எல்லோருடைய தலையையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். எங்கள் மாமியார் "எனக்கெல்லாம் இந்த வயசுல ஏது பேன்" என்பார், பேத்தி அவர் மேல் காலைப் போட்டுத்தான் தூங்குவாள். முதலில் அவரைத்தான் உட்கார வைக்கிறேன்.