இருபது வருடத்துக்கு ஒரு படி

ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுவார்கள். 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. அஸ்திவாரக் கல் கிடையாது. ஹினோகி மரத்தூண்களை நேரே மண்ணில் நடுவதால் அடி உளுத்துவிடும், புல்கூரையும் மக்கும். இருபது வயதில் எடுபிடியாக வந்த தச்சர் நாற்பதில் முன்னின்று செய்வார், அறுபதில் மேற்பார்வை. ஒரு சுற்று தவறினால் ஆபத்து: 15, 16-ஆம் நூற்றாண்டுப் போர்களில் 120 ஆண்டுக்கு மேல் வேலை நின்றே போனது.

நம் ஓலைச்சுவடிக்கும் கணக்கு இதேதான், பூச்சி அரிக்குமுன் படியெடுக்க வேண்டும். ஆனால் தச்சில் பொருத்து பிசகினால் அங்கேயே இடிக்கும். ஓலை எதையும் தாங்கிக்கொள்ளும். புள்ளி வைக்காத எழுத்து, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். பொருள் தெரியாமல் படியெடுத்தவர் கையில் ‘ர’ காலாகிவிடும், அடுத்த படியில் அதுவே மூலம்.