லாமா மேய்க்கும் கிழவரும் எங்கள் மாமாவும்

மதுரையில் ஸ்பானிஷ் படம் போட்டால் யார் வருவார்கள் என்று நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் நக்கலாகக் கேட்டிருந்தார். வந்தார்கள், நன்றாகவே வந்தார்கள். நகருக்குள் இருக்கும் ஒரு கல்லூரியில், கடந்த சில ஆண்டுகளில் வெளியான ஸ்பானிஷ் படங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் சாயங்காலங்களில் திரையிட்டார்கள். முதலில் மாணவர்களுக்குத்தான் என்றாலும் நோட்டீஸின் அடியில் 'பொதுமக்களும் வரலாம், அனுமதி இலவசம்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வரியை வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போல. ஐடி கார்டு இருக்கா, யாரைப் பார்க்கணும் என்று கேட்கிறார், படம் பார்க்க வந்தேன் என்றால் 'அப்ப தியேட்டருக்குப் போங்க சார்' என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சரி, புலம்பல் அப்புறம். முதலில் படங்கள்.

ஸ்பானிஷ் படம் என்றதும் நம் ஆட்களுக்கு ஸ்பெயின்தான் ஞாபகம் வரும், கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் அந்த நாட்டு இயக்குநர் அல்மோதோவார். உலகத்தில் 20 நாடுகளுக்கு அது ஆட்சிமொழி, மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் அடிமுனை வரைக்கும் அந்த மொழியில் படம் எடுக்கிறார்கள். இந்த விழாவில் அல்மோதோவார் படம் ஒன்றுகூட இல்லை, அதற்காகப் பின்வரிசை ஆசாமி ஒருவர் ஏற்பாட்டாளர்களிடம் சண்டைக்கே போய்விட்டார். எனக்கென்னவோ அது நல்ல முடிவாகத்தான் பட்டது. அவர் படங்களை எங்கே வேண்டுமானாலும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம், பொலிவியாவின் மேட்டு நிலத்தில் லாமா என்கிற ஒட்டக இனத்து விலங்கை மேய்க்கிற கிழவரைக் கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்போது பார்ப்பது?

இந்த ஊருக்கு இதெல்லாம் புதுசு என்றும் நினைக்க வேண்டாம். அமுதன் ஆர்.பி.யின் மறுபக்கம் அமைப்பு 1998லிருந்தே இங்கே ஆவணப்பட, குறும்பட விழா நடத்திக்கொண்டு வருகிறது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று பெயர் வாங்கி, கடைசியில் இடிபட்டு, அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்தது வரைக்கும் பார்த்த ஊர் இது. படம் பார்க்க எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, கதவைத் திறந்துவிட்டால் போதும்.

மாணவர்களைக் கட்டிப்போட்ட படம் 'அர்ஜென்டினா, 1985'. சாந்தியாகோ மித்ரே இயக்கியது, 2022ல் வந்தது. ராணுவ ஆட்சி நடத்திய தளபதிகள் ஒன்பது பேரை ஆட்சி மாறிய சூட்டோடு சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரித்த உண்மைக் கதை. அரசு வழக்கறிஞர் ஸ்த்ராசேராவாக ரிகார்தோ தாரின் நடித்திருக்கிறார். அனுபவசாலி வக்கீல்கள் எல்லாம் பயந்து ஒதுங்கிக்கொள்ள, இருபது வயதுச் சில்லறைப் பசங்களையும் பெண்களையும் வைத்துக்கொண்டு அவர் சாட்சிகளைத் தேடி நாடு முழுக்க ஆள் அனுப்புவார். பி.ஏ. படிக்கிற கூட்டத்துக்கு அந்த இடம் பிடிக்காமல் போகுமா, ஒரே விசில். ஆனால் போலீஸ் கார் பின்சீட்டில் கண்ணையும் கையையும் கட்டிய நிலையில் பிள்ளை பெற்ற கதையை ஒரு பெண் கோர்ட்டில் சொல்லும்போது அரங்கில் பிளாஸ்டிக் நாற்காலி நகருகிற சத்தம்கூட இல்லை. அதற்கப்புறம் துணை வழக்கறிஞரின் அம்மா அவருக்குப் போன் செய்வார். ராணுவக் குடும்பம், சர்வாதிகாரி விதேலா போகிற அதே சர்ச்சுக்குப் போகிறவர், அதுவரை மகன் செய்வது தப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தச் சாட்சியைக் கேட்டபிறகு மனம் மாறியதைச் சொல்வார். நூறு மேடைப் பேச்சு செய்ய முடியாததை அந்த ஒரு போன் செய்துவிடுகிறது. நிஜத்தில் ஒன்பது பேரில் ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது, விதேலாவுக்கும் மசேராவுக்கும் ஆயுள். நான்கு பேர் விடுதலை. இதைச் சொன்னபோது ஒரு பெண், "நாலு பேரை விட்டுட்டாங்களா, அப்ப எதுக்கு சார் ஜெயிச்ச மாதிரி காட்டுறாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பேராசிரியர் ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

ஆனால் எனக்கு இந்த விழாவில் முக்கியமாகப் பட்டது நிலத்தைப் பற்றிய மூன்று படங்கள். வேண்டுமென்றே சேர்த்தார்களா, தற்செயலா தெரியவில்லை.

முதலாவது 'அல்கராஸ்'. ஸ்பெயின் படம்தான், ஆனால் பேசுவது ஸ்பானிஷ் இல்லை, அங்கே ஒரு பகுதியில் பேசுகிற கட்டலான் மொழி. ஸ்பானிஷ் விழாவில் இது எதற்கு என்று கேட்டால், நல்ல படத்துக்கு அந்த மாதிரி கேள்வியெல்லாம் கேட்கக்கூடாது. கார்லா சிமோன் இயக்கி 2022ல் பெர்லின் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கக் கரடி வாங்கியது, நடித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்து ஆட்கள். ஒரு குடும்பம் தலைமுறையாகப் பீச் பழத்தோட்டம் வைத்திருக்கிறது, நிலம் மட்டும் அவர்களுடையது அல்ல. உள்நாட்டுப் போரில் பண்ணையாரைக் காப்பாற்றியதற்காகத் தாத்தா காலத்தில் வாய்வார்த்தையாகக் கொடுத்தது, பத்திரம் கிடையாது. பண்ணையாரின் வாரிசு வந்து, மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு சோலார் பேனல் வைக்கப்போகிறேன் என்கிறான். தாத்தா சட்டைப்பையையும் பெட்டியையும் துழாவி இல்லாத பத்திரத்தைத் தேடுகிற மாதிரி நம் ஊர்ப் பக்கம் எத்தனை தாத்தாக்கள் தேடியிருப்பார்கள்.

படம் முடிந்து பேச அழைத்தபோது கமுதிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பையன் ஒருவன் எழுந்தான். கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவன் சொன்னது இதுதான்: "எங்க சொந்தக்காரங்ககிட்ட யாரும் பிடுங்கல சார். மழை இல்ல, நிலம் பூரா கருவேலங்காடு, வந்த விலைக்கு வித்தாங்க. இந்தப் படத்துல மரத்துல பழம் தொங்குது, அதான் அழுகை வருது. எங்க காட்டுல என்ன தொங்குச்சு?" படத்தைப் பற்றி அந்த வாரம் முழுக்க நான் கேட்ட விமர்சனங்களிலேயே கூர்மையானது அதுதான், ஆனால் அடுத்த ஆள் எழுந்து ஒளிப்பதிவைப் பாராட்ட ஆரம்பித்ததில் பேச்சு திசைமாறிவிட்டது.

அந்தப் பையனுக்குப் பதில் மாதிரி மறுநாள் 'அஸ் பெஸ்தாஸ்' போட்டார்கள். ரோத்ரிகோ சொரோகொயென் இயக்கியது, 2023ல் ஸ்பெயினின் கோயா விருதுகளில் சிறந்த படம் உட்பட ஒன்பதை அள்ளியது. கலிசியா பக்கம் ஒரு மலைக்கிராமம், அங்கே காற்றாலை வருகிறது. நிலத்தைக் கொடுத்தால் காசு வரும், ஊரில் பெரும்பாலானோர் கையெழுத்துப் போடத் தயார். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறி இயற்கை விவசாயம் செய்கிற பிரெஞ்சுத் தம்பதி மட்டும் போட மாட்டேன் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் தம்பிகள் இரண்டு பேரும் வில்லன்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாராயக்கடையில் வைத்து அந்த அண்ணன் பேசுகிற பேச்சு இருக்கிறதே, பிறந்ததிலிருந்து இந்தச் சேற்றில் கிடக்கிறோம், நீ ஆசைக்கு வந்தவன், எங்கள் பிழைப்பை நீ தீர்மானிப்பாயா என்கிற அர்த்தத்தில், அதைக் கேட்டால் நமக்கே யார் பக்கம் நிற்பது என்று ஆடிப்போகும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைப் பஸ்ஸிலிருந்து பார்த்து அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிற என்னைப் போன்ற ஆட்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. 'உத்தாமா'. பொலிவியப் படம், 2022, அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் உலக சினிமா பிரிவில் முதல் பரிசு. அலெஹாந்த்ரோ லோயாசா கிரிசியின் முதல் படம். ஆண்டிஸ் மலையின் மேட்டுச் சமவெளியில் விர்ஹினியோ, சிசா என்று வயதான கெச்சுவா தம்பதி லாமா மேய்த்துப் பிழைக்கிறார்கள். மழை பொய்த்துவிட்டது, ஊர்ப் பம்பில் தண்ணீர் நின்றுவிட்டது. நகரத்திலிருந்து பேரன் வந்து, கிளம்புங்கள் போகலாம் என்கிறான். கிழவருக்கு நெஞ்சில் நோய், அதை மனைவியிடம் மறைக்கிறார். அவ்வளவுதான் கதை. நடித்த இருவரும் நிஜத்திலேயே கணவன் மனைவி, சினிமாக்காரர்கள் இல்லை.

இந்தப் படத்துக்கு மாமாவைக் கூட்டிப்போனேன். அம்மாவின் தம்பி, டி. கல்லுப்பட்டிப் பக்கம். ரொம்ப வருடம் செம்மறி மேய்த்தவர், அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட்டு ஊர் ஊராகப் போனவர். மகன் திருப்பூர் போனபிறகு தனி ஆளாக முடியாமல் ஆடுகளை விற்றுவிட்டார். கண் பார்க்க மதுரை வந்திருந்தவரை, கண்ணைத்தான் பார்த்தாச்சே, வாங்க ஒரு படம் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு போனேன். மாமாவுக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடாது, நான் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் "நீ சும்மா இரு மாப்ள, எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர்தான் எனக்குச் சொன்னார்.

பட்டியைத் திறந்ததும் லாமாக்கள் வெளியே வருகின்றன, காதுகளில் ரோஸ் நிறத்தில் நூல் குஞ்சம் தொங்குகிறது. "அடையாளத்துக்குடா அது. நாம காதுல வெட்டுப் போடுவோம், இவன் பூ வச்சிருக்கான்" என்றார். சிசா வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க நடக்க, "தண்ணிக்குப் பொம்பளதான் போகணும் போல, அங்கயும்." பேரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முன்வரிசைப் பசங்க சிரித்தபோது மாமா சிரிக்கவில்லை, "அவன் அப்பன் அனுப்பித்தான் வந்திருக்கான், கிழவனுக்கு அது தெரியும்" என்றார். கிழவர் பேரனிடம் அதையே கேட்டு முறைக்கிற காட்சி அப்புறம்தான் வருகிறது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது நான் பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருக்க, அவருக்கு இரண்டு குறை. ஒன்று, மேய்ப்பவன் இவ்வளவு அமைதியாக இருக்க மாட்டான், நாள் பூரா ஆட்டைத் திட்டிக்கொண்டே இருந்தால்தான் அது அவன் பேச்சுக்கு நடக்கும். இரண்டு, "வெயிலை இம்புட்டு அழகாக் காட்டுறான்யா. அதுல நின்னவன் காட்ட மாட்டான்." அந்த இயக்குநர் சினிமாவுக்கு வருமுன் புகைப்படக்காரராக இருந்தவர் என்பதை மாமாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. எவ்வளவோ பத்திரிகை விமர்சனம் படிக்கிறோம், ஒரே மடக்கு டீயில் ஆள் பிடித்துவிட்டார். அப்புறம் அவரே கேட்டார்: "இதை நம்ம ஊர்ல போட முடியுமா?"

'20,000 தேனீ இனங்கள்', பனிமலை விமான விபத்து பற்றிய 'பனிச் சமூகம்' இரண்டும் போட்டார்கள். முதலாவதில் நடித்த சோஃபியா ஒதேரோ ஒன்பது வயதில் பெர்லினில் நடிப்புக்கான வெள்ளிக் கரடி வாங்கியவள். ஆண் பிள்ளை என்று எல்லோரும் சொல்கிற ஒரு குழந்தை, நான் பெண் என்று தனக்குள்ளேயே தெரிந்துகொள்கிற கதை, அதற்குத் தனியாக எழுத வேண்டும். இரண்டாவதைப் பசங்க எல்லோரும் நெட்ஃப்ளிக்ஸில் பார்த்துவிட்டார்கள், இருந்தும் வந்தார்கள்.

இப்போது புலம்பல். அரங்கம் தரைமட்டம், திரையைத் தாழ்வாகக் கட்டியிருந்தார்கள், முன்னால் இருக்கிறவர் தலை சரியாக சப்டைட்டிலை மறைக்கும். நாலு பெஞ்சை அடுக்கித் திரையை ஏற்றியிருந்தால் தீர்ந்தது. பொதுமக்கள் வரலாம் என்று போட்டால் தமிழில் சப்டைட்டில் வேண்டாமா? ஸ்பானிஷ் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், தமிழ் இலக்கியப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இரண்டு துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு படத்துக்கு வசன ஃபைல் தயார் செய்வது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. 'அர்ஜென்டினா, 1985' போல வாய் ஓயாமல் பேசுகிற படத்துக்குக் காதில் சொல்லி மாளாது.

மாமா கேட்டதற்கு வருகிறேன். 'உத்தாமா'வை ஊரில் போட முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம், வசனமும் கொஞ்சம்தான். லேப்டாப்பைச் சொருகிப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், அது கூடாது, பொது இடத்தில் திரையிடத் தனி உரிமை வாங்க வேண்டும், விநியோகஸ்தருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். தமிழ் வசன வேலைக்கு அந்தக் கமுதிப் பையன் வருகிறேன் என்கிறான். டி. கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் சமுதாயக்கூடமோ கல்யாண மண்டபமோ கொடுக்கக்கூடியவர்கள் யாராவது இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள், வெள்ளைச் சுவரும் நம்பகமான கரண்ட்டும் இருந்தால் போதும், ப்ரொஜெக்டர் நாங்கள் கொண்டுவருகிறோம். நேரம் மட்டும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான், ஆட்டை அடைத்துவிட்டு ஒரு வாய் சாப்பிட்டுத்தான் ஆள் வரும் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.