இடைநிற்றல் ஆய்வு: வகுப்பறையில் தொடங்காதீர்கள்

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடைநிற்றலை எடுத்துக்கொண்டதும் நான் செய்த முதல் வேலை, அறுபது கேள்விகள் கொண்ட வினாத்தாளை வகுப்பில் கொடுத்து நிரப்பி வாங்கியது. கட்டைப் புரட்டிப் பார்த்த கைடு கேட்டார்: "நின்னு போனவங்க யாரும்மா இதுல இருக்காங்க?" ஒருவர்கூட இல்லை.

கேள்விகளிலும் கோளாறு இருந்தது. மாணவர்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்று விளக்கும், அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டிண்டோவின் 1975 மாதிரியை அப்படியே எடுத்திருந்தேன். கல்லூரி வாழ்க்கையோடு மாணவர் எவ்வளவு ஒட்டுகிறார் என்பதுதான் அதன் மையம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, மதியம் கடை வேலைக்கு ஓடுகிறவரிடம் கல்லூரி விழாவைப் பற்றிக் கேட்டு என்ன கிடைக்கும்? அப்புறம்தான், வழக்கமான கல்லூரி மாணவர் அச்சில் அடங்காதவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள் பீன், மெட்ஸ்னர் இருவரின் 1985 கட்டுரைக்கு வந்தேன். பணம், வேலை நேரம், குடும்பப் பொறுப்பு போன்ற வெளிச்சூழல் கைகொடுத்தால் படிப்பு சுமாராக இருந்தாலும் தாக்குப்பிடிப்பார்கள், அது கைவிட்டால் நன்றாகப் படிப்பவரும் நின்றுவிடுவார் என்பது அவர்கள் வாதம். ஆனால் 24 வயதைத் தாண்டியவர், விடுதியில் தங்காதவர், பகுதி நேரமாகப் படிப்பவர் என்று மூன்றில் ஒன்று இருந்தாலே அவர்களுடைய 'வழக்கமான அச்சில் அடங்காத மாணவர்' கணக்கில் சேர்ந்துவிடுவார். நம் ஊரில் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் எல்லோரும் அதில் அடங்கிவிடுவார்கள். அதனால் நான் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்தவர்கள், சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் என்று சுருக்கிக்கொண்டேன்.

எது இடைநிற்றல் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். வகுப்புக்கு வராமல் அரியர் மட்டும் எழுதுகிறவர் நின்றவரா? டி.சி. வாங்காதவர்? இரண்டு செமஸ்டர் தொடர்ந்து தேர்வுக் கட்டணம் கட்டாதவர் என்று நான் வைத்துக்கொண்டேன். குறையுள்ள வரையறைதான், ஆனால் பதிவேட்டில் சரிபார்க்க முடிந்தது. சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களை எடுத்து, நின்றவர், தொடர்ந்தவர் இரு தரப்பையும் பார்த்தேன். தொடர்ந்தவர்களுக்கும் அதே கஷ்டங்கள் இருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏன் நின்றீர்கள் என்று நேராகக் கேட்காதீர்கள். "குடும்பச் சூழ்நிலை" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் ஒரு சார்ட் பேப்பரில் பன்னிரண்டு மாதத்தையும் வரைந்து, ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு, நடவு, தீபாவளி, தேர்வு, பொங்கல், அறுவடை என்று குறித்து எடுத்துப்போவேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு அக்டோபரில் விரலை வைத்தார். "இங்கதான்க்கா. பீஸு கட்டச் சொன்ன வாரம் எங்களுக்கு நடவு. ஆளு கூலி கொடுக்கவே காசு பத்தல. அடுத்த மாசம் கட்டிக்கலாம்னு விட்டேன்." அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அதற்கு அரை மணி முன்புவரை அவர் சொன்ன காரணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் எதற்குப் பிறகு எது வந்தது என்பது தேதி இல்லாமல் பிடிபடாது.

பேட்டியின்போது மாமியார் திண்ணையில் இருந்தால் நாள் மாற்றிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் "படிப்பை விட்டவங்க வீடு எது" என்று விசாரிக்கவே வேண்டாம்.

கிளம்பும்போது அந்தப் பெண், "இனிமே எழுத முடியுமாக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ரெக்கார்டரோடு, மறுசேர்க்கை விதிகளும் அடுத்த தேர்வுக்கான கட்டணத் தேதியும் எழுதிய தாளையும் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன்.